ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ: ஒன்பதரை மணியா, பதின்மூன்று மணியா?

நகரங்களுக்கு இடையே விமான தூரம் சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் நிறைய உண்டு. இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் தூரம், நேரம் எல்லாம் கண் இமைப்பதற்குள் வந்து விழும். ஹெல்சிங்கி, டோக்கியோ என்று கொடுத்துப் பாருங்கள். தூரம் ஏறத்தாழ 7,800 கி.மீ., நேரம் ஒன்பதரை மணியை ஒட்டி என்று காட்டும். அதை நம்பிப் பயணச்சீட்டு வாங்கப் போனால் அங்கே சுமார் 13 மணி நேரம் என்று போட்டிருக்கும். அதுவும் நடுவில் எங்கும் இறங்காத நேரடி விமானத்துக்கு.

இடைவெளி மூன்றரை மணி நேரம். சென்னையில் ஏறியவர் டெல்லியில் இறங்கிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடக்கூடிய நேரம் அது. கணிப்பான் பொய் சொல்கிறதா, விமான நிறுவனம் பொய் சொல்கிறதா என்றால், இரண்டுமே இல்லை. கணிப்பான் பூமியை அளக்கிறது. விமானம் பறப்பதோ நாடுகளின் மேல், காற்றின் மேல்.

முதலில் கணிப்பானின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு பறங்கிக்காயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காம்பிலிருந்து அடிவரை வரிவரியாகப் பள்ளம் ஓடுகிறது அல்லவா, தீர்க்கரேகைகள் அப்படித்தான். நடு வயிற்றில் இரண்டு வரிகளுக்கு இடையே நாலு விரல் இருக்கும், காம்பை நெருங்க நெருங்க அரை விரல்கூட இருக்காது. பூமியிலும் நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகைக்குச் சுமார் 111 கி.மீ. இடைவெளி. ஹெல்சிங்கி இருக்கும் 60 பாகை வடக்கில் அது சரிபாதியாகிவிடுகிறது. ஆகவே கிழக்கே வெகுதூரம் போக வேண்டியவன் முதலில் கொஞ்சம் வடக்கே ஏறி, வரிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் அவற்றைக் கடந்துவிட்டு, பிறகு தெற்கே இறங்குவதுதான் லாபம். பறங்கிக்காய் மேல் இரண்டு குண்டூசி குத்தி, நடுவே நூலை இழுத்துக் கட்டினால் நூல் தானாகவே அந்த வழியில்தான் போய் உட்காரும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு வழி கஜகஸ்தான், மங்கோலியா வழியாகப் போகும். அந்தக் கோட்டின்படியே பறந்தால் கிட்டத்தட்ட 8,800 கி.மீ. ஆகும். நூல் காட்டும் வழியோ யூரல் மலைத்தொடரின் வடகோடியை ஒட்டி 67 பாகை வரை ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுவிட்டு, சைபீரியா முழுவதையும் குறுக்காகக் கடந்து, அமூர் ஆற்றுப் பக்கம் இறங்கி, ஜப்பான் கடலைத் தாண்டுகிறது. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்க, வழி மட்டும் அதைத் தாண்டிப் போய் வருகிறது. ஆனாலும் ஆயிரம் கி.மீ.-ஐ ஒட்டி மிச்சம். கணிப்பான் இந்த நூலின் நீளத்தை எடுத்து, மணிக்கு எண்ணூற்றுச் சொச்சம் கி.மீ. என்ற சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் சேர்த்து விடை சொல்லிவிடுகிறது.

கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அந்த நூல் கிடக்கும் இடத்தைப் பாருங்கள். புறப்பட்டு அரை மணிக்குள் ரஷ்ய எல்லை, அப்புறம் ஜப்பான் கடல் வரும்வரை கீழே பெரும்பாலும் ரஷ்யாதான். இந்த 7,800 கி.மீ. செல்லுபடியாகுமா என்பது மாஸ்கோ கதவைத் திறந்து வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எழுபது ஆண்டுகளாக இந்தக் கதவு சாத்துவதும் திறப்பதுமாகத்தான் இருக்கிறது.

பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி மேற்கு நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகிறவர்கள் மத்தியக் கிழக்கு, இந்தியா, தாய்லாந்து என்று தெற்கே வளைந்து, ஊர் ஊராக இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போனார்கள். 50 மணி நேரத்துக்கும் மேல் பிடித்த பயணம் அது. 1957 பிப்ரவரி 24 அன்று ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் வேறொரு வழியைத் திறந்தது. கோபன்ஹேகனிலிருந்து நேரே வடக்கே, துருவத்தை ஒட்டிப் பறந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, அங்கிருந்து டோக்கியோ. டிசி-7சி என்ற உந்துவிசிறி விமானம் சுமார் 32 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

இதில் தூரத்தைவிடப் பெரிய சிக்கல் திசை. துருவத்தின் அருகே காந்த ஊசியை நம்ப முடியாது, காந்தத் துருவம் கிட்டத்திலேயே இருப்பதால் அது இழுத்த இழுப்புக்குத் திரும்பும். சரியாகத் துருவத்தின் மேல் நின்றாலோ எந்தப் பக்கம் பார்த்தாலும் தெற்குதான். நேர்கோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே திசைமானியில் எண்கள் மளமளவென்று மாறும். அதனால் விமானத்தின் வழிகாட்டிகள் துருவப் பகுதிப் படத்தின் மேல் சதுரக் கட்டங்கள் வரைந்து, அந்தக் கட்டங்களுக்கென்று ஒரு கற்பனை வடக்கை வைத்துக்கொண்டு, விமானம் திரும்பினாலும் தன் அச்சின் திசை மாறாமல் சுழலும் கைரோ கருவியை நம்பிப் பறந்தார்கள். பகலில் சூரியன், இரவில் நட்சத்திரம் பார்த்துச் சரிபார்ப்பு. கிட்டத்தட்ட நம் பழைய மாலுமிகளின் வித்தைதான், ஆறு கிலோமீட்டர் உயரத்தில்.

பிறகு ஜெட் விமானங்கள் வந்தபோதும் ஆங்கரேஜ் நிறுத்தம் விலகவில்லை. ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போக எரிபொருள் போதாது. இருபது, முப்பது ஆண்டுக் காலம் ஐரோப்பா போன ஜப்பானியர்களுக்கு ஆங்கரேஜ் விமான நிலையம் ஒரு தலைமுறையின் நினைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் வெள்ளைக்கரடியும், நடு இரவில் ஆவி பறக்க ஊடோன் நூடுல்ஸ் விற்ற கடையும் இன்றும் அந்த வயதுக்காரர்கள் பேச்சில் வரும். நமக்கு விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வழி தவறினால் என்ன ஆகும் என்பதையும் அந்தக் காலம் காட்டியது. 1978 ஏப்ரலில் பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சியோல் போக வேண்டிய கொரிய விமானம் ஒன்று துருவப் பகுதியில் திசை பிசகி, ஏறக்குறைய வந்த பக்கமே திரும்பி, சோவியத் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. போர் விமானம் சுட்டதில் இருவர் இறந்தனர். விமானி உறைந்த ஏரி ஒன்றின் மேல் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார். 1983 செப்டம்பர் 1 அன்று இன்னொரு கொரிய விமானம் ஆங்கரேஜிலிருந்து கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாக வழி விலகி, சகாலின் தீவருகே சுடப்பட்டு 269 பேரும் மாண்டனர். தானியங்கிக் கருவி வழிகாட்டிக் கணினியோடு சேராமல், ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு பறந்ததுதான் காரணம் என்று பின்னர் விசாரணையில் முடிவானது. அந்தச் சம்பவத்தை அடுத்துத்தான் ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்கள் விமானங்களுக்கும் அது கிடைக்கும் என்று அமெரிக்க அதிபர் ரேகன் அறிவித்தார். இன்று நம் கைப்பேசியில் வழி காட்டும் நீலப் புள்ளிக்குப் பின்னால் இப்படி ஒரு துயரக் கதையும் உண்டு.

அதே 1983-இல், ஏப்ரல் மாதம், ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. மூன்று எஞ்சின் டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தி, ஹெல்சிங்கியிலிருந்து வடதுருவம், பிறகு அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவிலுள்ள பேரிங் நீரிணை வழியாக எங்கும் இறங்காமல் டோக்கியோ போய்ச் சேர்ந்தது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு முதல் நேரடி விமானச் சேவை. ஆன நேரம் சுமார் 13 மணி. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவிலிருந்து சோவியத் வான்வெளி மெல்லத் திறந்தது, சோவியத் யூனியன் கலைந்த பிறகு சைபீரிய வழி ராஜபாட்டையாகிவிட்டது. சும்மா இல்லை. மேலே பறப்பதற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவுக்குக் கணிசமான கட்டணம் கட்டின, அது ரஷ்ய அரசின் விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சொந்த வானத்தில் சுங்கச்சாவடி. ஐரோப்பியர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள், ஏனென்றால் மிச்சமாகும் எரிபொருள் அதைவிடப் பெரிது.

இதில் அதிகம் லாபம் பார்த்தது ஃபின்லாந்து. ஏறத்தாழ 55 லட்சம் பேர் வாழும் நாடு, ஐரோப்பாவின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. ஆனால் நூல் வைத்துப் பார்த்தால் ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து ஜப்பான், கொரியா, சீனா போகும் பெருவட்டப் பாதைகள் ஹெல்சிங்கி பக்கமாகத்தான் போகின்றன. ஃபின்ஏர் தன் வியாபாரத்தையே இதன் மேல் கட்டியது. போக ஒன்பதரை மணி, திரும்ப அதைவிடச் சற்றுக் கூட, நடுவே துப்புரவுக்கும் எரிபொருளுக்கும் ஒன்றிரண்டு மணி. ஆக ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் டோக்கியோ போய் வந்துவிடும். இன்று மாலை ஐந்தரைக்குக் கிளம்பிய விமானமே நாளை மாலை ஐந்தரைக்கும் கிளம்பும். தினசரிச் சேவைக்கு ஒரு விமானம் போதும் என்பது எவ்வளவு பெரிய சலுகை என்று பேருந்து முதலாளிகளைக் கேட்டால் தெரியும்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை அடைத்தது. மறுநாளே, 28-ஆம் தேதி, ஃபின்லாந்து உட்பட 36 நாடுகளுக்கு ரஷ்யா தன் வானத்தை அடைத்தது. ஜப்பானிய நிறுவனங்களும் அந்தப் பக்கம் போவதை நிறுத்தின. மார்ச் 9-ஆம் தேதி ஃபின்ஏர் மறுபடியும் டோக்கியோவுக்குப் பறந்தது, வடதுருவத்தின் மேலாக. நேரம் சுமார் 13 மணி. முப்பத்தொன்பது ஆண்டுகளில் விமானமும் எஞ்சினும் கணினியும் எவ்வளவோ மாறியிருந்தாலும், கதவு அடைத்ததும் கடிகாரம் 1983-க்கே போய்விட்டது. பயணிகளுக்குத் துருவம் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள்.

போகும் வழி இப்போது இரண்டு. ஒன்று வடக்கே: நார்வே, ஸ்வால்பார்ட் தீவுகள், வடதுருவம், அலாஸ்கா, பசிபிக். பேரிங் நீரிணை வழியாக நூல் வைத்தால் குறைந்தது 10,600 கி.மீ. வரும். கம்சட்கா தீபகற்பம் ரஷ்யாவுடையது என்பதால் அதையும் விட்டு விலகிப் போக வேண்டும், ஆகவே 11,000-ஐத் தாண்டிவிடும். இன்னொன்று தெற்கே: பால்டிக் நாடுகள், போலந்து, கருங்கடல் பக்கம் துருக்கி, ஜார்ஜியா, கஜகஸ்தான், சீனா, கொரியா. இரண்டில் எந்த வழி என்பதை அன்றன்றைய காற்றுதான் முடிவு செய்கிறது.

காற்று என்றால் சாதாரணக் காற்று இல்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடும் ஜெட் காற்று. ஜப்பானுக்கு மேலே அது குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.-ஐத் தாண்டுவது சாதாரணம். இதை முதலில் அளந்து எழுதியவரே ஒரு ஜப்பானியர்தான். ஒய்ஷி வசாபுரோ என்ற வானிலை அறிஞர், டோக்கியோவுக்கு வடகிழக்கே ததேனோ ஆய்வகத்திலிருந்து 1920-களில் பலூன் பறக்கவிட்டு இதைக் கண்டார். உலகமே படிக்கட்டும் என்று அறிக்கையை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகத்தில் யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் நோக்கிப் பறந்த அமெரிக்க விமானிகள் எதிர்காற்றில் தத்தளித்தபோதுதான் மற்றவர்களுக்கு அது உறைத்தது.

இந்த ஆறு கிழக்கே ஓடுவதால் டோக்கியோ போகும்போது தெற்கு வழியில் பின்காற்று தள்ளிவிடும். திரும்பும்போது அதே வழியில் வந்தால் முகத்தில் அறையும். என்ன செய்யலாம்? திரும்பும்போதும் கிழக்கேயே கிளம்பலாம். டோக்கியோவிலிருந்து பசிபிக் மேல் காற்றோடு அலாஸ்கா வரை போய், அங்கிருந்து துருவம் ஏறி மறுபக்கம் ஐரோப்பாவில் இறங்கலாம். டோக்கியோ–லண்டன் வழித்தடத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் இப்படித்தான் செய்தது: லண்டன் போகும்போது அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, திரும்பும்போது துருக்கி, மத்திய ஆசியா. போய்வரச் சீட்டு எடுத்தவர் தன்னையறியாமல் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். அலாஸ்கா பக்கம் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் கணக்குப்படி நேற்றைக்குள் நுழைந்து, துருவம் தாண்டியதும் மறுபடி இன்றைக்கு வருகிறார். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை.

துருவ வழிக்கு வேறு நிபந்தனைகளும் உண்டு. இரண்டு எஞ்சின் விமானம், ஒரு எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் பறக்க வேண்டும். அந்தக் காலத்து டிசி-10-க்கு மூன்று எஞ்சின், அதனால் இந்தக் கவலை குறைவு. இன்றைய ஏ350 விமானத்துக்கு இரண்டுதான், ஆனால் அந்த ரகத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி பெற முடியும். அப்படி நீண்ட அனுமதி இல்லாவிட்டால் பனிப்பாலைவனத்தின் மேல் இந்த வழியே கிடையாது. குளிர் இன்னொரு தொல்லை. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 பாகையில் உறையத் தொடங்கும், வெளியே காற்று அதையும் விடக் குளிராக இருக்கும் நாட்கள் உண்டு. தொட்டியின் வெப்பநிலை ரொம்ப இறங்கினால் விமானி உயரத்தைக் குறைப்பார் அல்லது வேகத்தைக் கூட்டுவார், காற்று உரசும் சூட்டில் இறக்கை கொஞ்சம் வெதுவெதுப்பாகும். சுமார் 82 பாகை வடக்குக்கு மேலே, தகவல்தொடர்புக்கு உதவும் நிலநடுக்கோட்டுச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும், அங்கே பழைய சிற்றலை வானொலிதான் முக்கியத் துணை.

இவ்வளவும் சேர்ந்து பயணச்சீட்டில் ஓர் எண்ணாக விழுகிறது. அந்த எண்ணும் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சேரும் ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். தாமதம் என்று பெயர் வாங்கிவிடக் கூடாது என்று நிறுவனங்கள் ஐந்து பத்து நிமிடம் சேர்த்தே போடுவதும் உண்டு. அப்புறம் நேர வித்தியாசம். ஜப்பான் ஃபின்லாந்தைவிடக் குளிர்காலத்தில் 7 மணி, கோடையில் 6 மணி முன்னால் இருக்கிறது. கோடையில் மாலை 5:45-க்குக் கிளம்பி 13 மணி நேரம் பறந்தால் டோக்கியோ கடிகாரத்தில் மறுநாள் பகல் 12:45. சீட்டை மேலோட்டமாகப் பார்ப்பவர் 19 மணி நேரம் என்று நினைத்துப் பதறுவார். திரும்பும்போது இரவு 10 மணிக்குக் கிளம்பி விடிகாலை 5 மணிக்கு இறங்கினால், ஏழே மணி நேரத்தில் வந்துவிட்டோம் என்று தோன்றும். இரண்டும் கடிகாரம் காட்டும் கண்கட்டு.

ஃபின்ஏருக்கு 24 மணி நேரச் சுற்று உடைந்துபோனதுதான் பெரிய அடி. 13-ம் 13-ம் 26 மணி, நடுவில் நிற்கும் நேரம் வேறு. தினமும் ஒரே நேரத்துக்குக் கிளம்ப இப்போது ஒரு விமானம் போதாது. மிஞ்சிய சில விமானங்களை மற்ற நிறுவனங்களுக்குப் பணியாளர்களோடு வாடகைக்கு விட்டது, ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் அவற்றில் ஒன்று. அதே நேரம் சீன நிறுவனங்களுக்குச் சைபீரியக் கதவு திறந்தே இருக்கிறது. பெய்ஜிங்குக்கு ஐரோப்பிய விமானம் சுற்றிக்கொண்டு போக, சீன விமானம் நேரே போகிறது.

இந்தியாவுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. அதன் மறுபக்கம் 2023 ஜூனில் தெரிந்தது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் மகதான் என்ற ஊரில் இறங்க நேர்ந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர், அமெரிக்கக் குடிமக்கள் உட்பட, மாற்று விமானம் வரும்வரை தற்காலிக இடங்களில் படுத்துக் கிடந்தார்கள். நமக்கு அடைபட்ட கதவு வேறு பக்கம். 2019-இல் பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு ஜூலை வரையும், மறுபடி 2025 ஏப்ரலிலிருந்தும் பாகிஸ்தான் வானம் இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் உடனே நீண்டன. சென்னையிலிருந்து அரபிக்கடல் மேலேயே வளைகுடாவுக்குப் போய்விடலாம் என்பதால் தெற்கத்திக்காரர்களுக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை.

ஹெல்சிங்கியில் ஏறுகிறவருக்கு அன்று வழி வடக்கா தெற்கா என்பது சீட்டில் இருக்காது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு காற்றுக் கணிப்பைப் பார்த்துப் பாதை போடுகிறார்கள். இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.